ஸ்வீடனை யார் கட்சியில் சேர்ப்பது?

ஸ்வீடனைச் சாட்சிக்கு அழைக்கும் இரு அணியினருக்கும்,

கொரோனா காலத்தைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் சற்று நேரத்தில் ஸ்வீடன் வந்துவிடுகிறது. ஊரடங்கு வீண் வேலை என்று வாதிடும் நீங்கள், அந்த நாடு கதவைப் பூட்டாமலே கரையேறிவிட்டது என்கிறீர்கள். ஊரடங்கு இல்லாமல் உயிர்களைக் காத்திருக்க முடியாது என்று வாதிடும் நீங்களோ, அதே நாட்டைக் காட்டி, பக்கத்து நார்வேயைவிட அங்கே பல மடங்கு பேர் செத்தார்கள் என்கிறீர்கள். இரு கட்சிக்காரருக்கும் ஒரே ஆள் சாட்சி சொல்கிறார் என்றால், கேள்வி கேட்ட வக்கீல்களின் மேல்தான் முதலில் சந்தேகம் வரவேண்டும். உங்கள் இரு தரப்பையும் ஒரே கடிதத்தில் விளிப்பதற்குக் காரணம் அதுதான். நீங்கள் சொல்லும் எண்கள் பொய் என்று நான் சொல்லப்போவதில்லை. பெரும்பாலும் அவை சரியான எண்களே. சரியான எண்ணைக் கொண்டே தன்னையும் பிறரையும் ஏமாற்ற முடிகிறது என்பதும், நோயைக்கூட அணி பிரித்துப் பார்க்கும் அந்தப் பழக்கமே பல உயிர்களைக் குடித்திருக்கிறது என்பதும்தான் என் வாதம்.

இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். 2020 முடிவில் ஸ்வீடனில் கொரோனாவுக்குப் பலியானவர்கள் சுமார் ஒன்பதாயிரம் பேர். அந்நாட்டின் பாதியளவு மக்கள்தொகை கொண்ட நார்வேயில் ஐந்நூறுக்கும் கீழ். தலைக்கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ பத்து மடங்கு வித்தியாசம். இனி, 2020 முதல் 2022 வரை மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் கொரோனா என்று எழுதினார்களா இல்லையா என்று பாராமல், வழக்கமாக எதிர்பார்க்கும் சாவுகளைவிட எத்தனை கூடுதல் என்று மட்டும் கணக்கிடுங்கள். ஐரோப்பாவிலேயே கூடுதல் மரணங்கள் மிகக் குறைவாக இருந்த நாடுகளின் வரிசையில் ஸ்வீடன் வந்து நிற்கும். இரண்டு எண்களும் உண்மை. முதல் எண் கடிகாரத்தைத் தடுப்பூசிக்கு முன்பே நிறுத்தி, நார்வேயைப் பக்கத்தில் நிறுத்துகிறது. இரண்டாவது எண் கடிகாரத்தை 2022 வரை ஓடவிட்டு, இத்தாலி, ஸ்பெயின், பிரிட்டன் எல்லாவற்றையும் பக்கத்தில் கூட்டி வருகிறது. எந்தத் தேதியில் நிறுத்துவது, யாரோடு ஒப்பிடுவது என்பதை விடை தெரிந்த பிறகு முடிவுசெய்தால் எந்த விடையையும் வரவழைத்துவிடலாம். ஒரு நாட்டையே தராசில் வைத்துவிட்டோம் என்று நினைக்கிறோம். படிக்கல்லை நம் சட்டைப்பையிலிருந்து எடுத்தோம் என்பது மறந்துபோகிறது.

அதைவிட வேடிக்கை, நீங்கள் சாட்சிக்கு அழைக்கும் ஸ்வீடன் உண்மையான ஸ்வீடனைப் போலவே இல்லை. "எதையுமே செய்யாத நாடு" என்று இரு அணியும் ஒத்துக்கொண்டு பேசுகின்றன. ஒருவருக்கு அது பெருமை, மற்றவருக்குக் குற்றம். 2020 மார்ச் மாதத்திலேயே அங்கே ஐந்நூறு பேருக்கு மேல் கூடத் தடை வந்தது. அந்த மாத முடிவில் அது ஐம்பதாகக் குறைந்தது. உயர்நிலைப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் தொலைவழிக் கல்விக்கு மாறின. ஏப்ரல் தொடக்கத்தில் முதியோர் இல்லங்களுக்குப் பார்வையாளர்கள் போகக்கூடாது என்றானது. நவம்பரில் பொதுக்கூட்ட வரம்பு எட்டுப் பேர். 2021 ஜனவரியில் பெருந்தொற்றுக்கென்றே தற்காலிகச் சட்டம் வந்தது. தொடக்க வகுப்புகளை மூடவில்லை, வீட்டைவிட்டு வெளியே வராதே என்று ஆணையிடவில்லை. இதற்கு அரசியல் சாசனமும் ஒரு காரணம்: போர்க்காலம் தவிர நெருக்கடிநிலை அறிவிக்க அதில் வழியில்லை, நாட்டுக்குள் நடமாடும் உரிமைக்கு அதில் பாதுகாப்பு உண்டு. தனித்தியங்கும் அரசு நிறுவனங்களின் முடிவுகளில் அமைச்சர்கள் விருப்பம்போலத் தலையிடுவதும் அந்நாட்டு வழக்கமில்லை. தேசியத் தொற்றுநோயியல் நிபுணர் ஆன்டர்ஷ் டெக்னெல் பிரதமரைவிட அதிகம் பேசப்பட்டது அதனால்தான்.

இங்கேதான் அமெரிக்காவில் அச்சடித்த கட்சிச் சீட்டை ஐரோப்பாவில் ஒட்ட முடியாமல் போகிறது. தளர்வான வழியைத் தேர்ந்த ஸ்வீடன் அரசு ஸ்டெஃபான் லூவென் தலைமையிலான சமூக ஜனநாயகக் கட்சியின் இடதுசாரி அரசு. டெக்னெல் பதவி விலக வேண்டும் என்று முதலில் உரத்துக் கேட்டவர்களில் ஒருவர் தீவிர வலதுசாரித் தலைவர் யிம்மி ஒக்கெசன். பக்கத்தில் நார்வேயை மார்ச் 12இல் மூடியவர் பழைமைவாதக் கட்சியின் எர்னா சூல்பர்க். முந்தைய நாள் டென்மார்க்கில் முடக்கத்தை அறிவித்தவர் சமூக ஜனநாயகக் கட்சியின் மெட்டே ஃப்ரெடரிக்சன். நாட்டின் எல்லையை அடைத்துத் தன் குடிமக்களே ஊர் திரும்ப முடியாமல் தவிக்கவிட்ட ஆஸ்திரேலியாவை ஆண்டது வலதுசாரிக் கூட்டணி. முகக்கவசமும் ஊரடங்கும் இடதுசாரியின் அடையாளம், திறந்த கடை வலதுசாரியின் அடையாளம் என்ற வகைப்பாடு அமெரிக்காவின் உள்ளூர்ச் சண்டை. அதை உலகமெங்கும் நடந்த சண்டையாகக் கற்பனை செய்துகொண்டுதான் நாம் நாடுகளைப் பந்திபிரித்து உட்கார வைக்கிறோம்.

"அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? ஒவ்வொரு நாடும் தனி உலகம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதா?" என்று கேட்பீர்கள். ஒப்பிட வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நன்றாக ஒப்பிட்டால் உங்கள் இரு அணிக்கும் பிடிக்காத விடைகூடக் கிடைக்கும். ஸ்வீடனுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் பள்ளிகளுக்கு ஒருவார விளையாட்டு விடுமுறை உண்டு. எல்லா ஊருக்கும் ஒரே வாரத்தில் வராது. 2020இல் கோத்தன்பர்குக்கு ஏழாவது வாரம், தெற்கே மால்மோவுக்கு எட்டாவது வாரம், ஸ்டாக்ஹோமுக்கு ஒன்பதாவது வாரம், அதாவது பிப்ரவரிக் கடைசி. விடுமுறை என்றால் ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கப் போகும் குடும்பங்கள் ஏராளம். அந்தக் கடைசி வாரத்தில்தான் இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் தொற்று பரவிக்கொண்டிருந்தது. போனவர்கள் அதைத் தலைநகருக்குக் கொண்டுவந்தார்கள். முதல் அலையில் ஸ்டாக்ஹோம் திணறியது. மால்மோவைச் சுற்றியுள்ள ஸ்கோனெ மாகாணம் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஒரே சட்டம், ஒரே டெக்னெல், ஒரே அறிவுரை. வேறுபட்டது பள்ளி நாட்காட்டி. ஒரு வாரத் தாமதம் இத்தனை பெரிய வேறுபாட்டைக் கொண்டுவரும் என்றால், ஆளும் கட்சியின் கொள்கையை மட்டும் வைத்து ஒரு நாட்டின் சாவுக் கணக்கை விளக்க முடியாது. விதை எவ்வளவு விழுந்தது, எப்போது விழுந்தது என்பதற்கும் பங்கு உண்டு. அதே நேரம், தொற்று உள்ளே வந்துவிட்ட ஊரில் முதல் இரண்டு வாரங்களில் விரைந்து செயல்படுவது பின்னால் மாதக்கணக்கில் பூட்டுவதைவிட அதிகப் பயன் தந்திருக்கும் என்ற பாடமும் அதிலேயே இருக்கிறது. இந்தப் பாடத்தை முழுசாகத் தன் கட்சிக்கு எடுத்துக்கொள்ள உங்களில் ஒருவராலும் முடியாது.

ஊரடங்கு என்ற ஒரே சொல்லில் எத்தனை விதமான ஊரடங்குகளை அடைத்துவிட்டோம் என்பதையும் கவனியுங்கள். டென்மார்க் பூட்டியது, ஏப்ரல் 15ஆம் தேதி சின்னக் குழந்தைகளின் வகுப்புகளைத் திறந்தும்விட்டது. நார்வே அந்த மாத இறுதியில் திறந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் பள்ளிகள் திறக்க 2021 ஏப்ரல் ஆனது. பெருவோ 2020 மார்ச் நடுவிலேயே, உலகின் மிகக் கடுமையான ஊரடங்குகளில் ஒன்றை அறிவித்தது. இராணுவம் தெருவில் நின்றது. ஆனால் அங்கே உழைப்பாளர்களில் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடுபவர்கள். ஏறத்தாழ பாதி வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. காய்கறிக்குச் சந்தைக்குப் போயே தீரவேண்டும், அரசு உதவிப் பணத்துக்கு வங்கி வாசலில் நின்றே தீரவேண்டும். சந்தையும் வரிசையும் தொற்றுக் களங்களாயின. 2021 மே இறுதியில் பெரு அரசு தன் கணக்கைத் திருத்தியபோது மரண எண்ணிக்கை 69 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 80 ஆயிரமாக உயர்ந்தது. தலைக்கணக்கில் உலகிலேயே அதிகம். "பூட்டியும் செத்தார்கள்" என்று ஓர் அணி இதைக் கொண்டாடலாம். பெருவைப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறு: வீட்டிலிருக்கச் சொல்ல அரசுக்கு ஒரு கையெழுத்து போதும், வீட்டில் இருக்க மக்களுக்கு அரிசியும் கூலியும் வேண்டும். ஸ்வீடனில் வீடுகளில் ஐந்தில் இரண்டுக்கு மேல் ஒற்றை ஆள் குடியிருப்பவை, உடம்பு சரியில்லாவிட்டால் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அந்த நாட்டில் அறிவுரை மட்டும் போதுமாயிருந்ததற்கு அதுவும் அடித்தளம். ஊரடங்கே வேண்டாம் என்று அந்த நாட்டைக் காட்டுகிறவர்கள் அந்த விடுப்பையும் சேர்த்துக் காட்டுவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெல்ஜியம் முதியோர் இல்லங்களில் சோதிக்கப்படாத, ஐயத்துக்குரிய சாவுகளையும் கொரோனாக் கணக்கில் சேர்த்தது. நேர்மையாக எண்ணியதற்குப் பரிசாக 2020இல் உலகின் மோசமான நாடு என்று பெயர் வாங்கியது. பிரிட்டன் அதே ஆண்டு ஆகஸ்டில் எண்ணும் விதியை மாற்றியதும் ஒரே நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சாவுகள் பட்டியலிலிருந்து மறைந்தன. இதனால்தான் கூடுதல் மரணக் கணக்கு மேலானது. ஆனால் அதிலும் ஒரு மனிதக் கை இருக்கிறது: "பெருந்தொற்று வராதிருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள்" என்ற அனுமானம். 2022 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து உலகெங்கும் 1 கோடியே 49 லட்சம் கூடுதல் மரணங்கள் என்று மதிப்பிட்டது; நாடுகள் அறிவித்திருந்ததோ சுமார் 54 லட்சம். இந்தியாவுக்கு அது சொன்னது 47 லட்சம். இந்திய அரசின் கணக்கு 4 லட்சத்து 81 ஆயிரம். அந்த நிறுவனம் கணக்கிட்ட முறையை இந்திய அரசு எதிர்த்தது. நம் ஊரிலும் அந்த எண்ணை ஏற்பதும் மறுப்பதும் பெரும்பாலும் அவரவர் வாக்களித்த சின்னத்தைப் பொறுத்தே அமைந்தது. அதே பட்டியலில் லட்சம் பேருக்கு ஜெர்மனியில் 116, ஸ்வீடனில் 56 என்று இருந்தது. "பார்த்தீர்களா!" என்று ஓர் அணி குதித்தது. ஜெர்மனிக்கான அனுமானக் கோடு தவறாக வளைந்திருக்கிறது என்று புள்ளியியலாளர்கள் சுட்டிக்காட்ட, கணக்குப் போட்டவர்களே சரிபார்த்துத் திருத்தினார்கள்: ஜெர்மனி 73, ஸ்வீடன் 66. 60 புள்ளி இடைவெளி 7 ஆகச் சுருங்கியது. 116ஐப் பரப்பியவர்களில் எத்தனை பேர் 73ஐப் பரப்பினார்கள் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை, உங்களுக்கே தெரியும்.

இனி அமெரிக்கா. 2019 அக்டோபரில் வெளியான உலகச் சுகாதாரப் பாதுகாப்புக் குறியீட்டில், பெருந்தொற்றுக்கு மிகத் தயாராக உள்ள நாடு என்று முதலிடம் பெற்றது அமெரிக்கா, இரண்டாமிடம் பிரிட்டன். ஆய்வகம், மருத்துவமனை, மருந்து ஆராய்ச்சி எதையும் அந்தக் குறியீடு விடவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் சொல்வதை நம்புவாயா என்று அது கேட்கவில்லை. 2020 கோடையில் பியூ ஆய்வு மையம் 14 நாடுகளில் கேட்டபோது, நோய் வந்தபின் நாடு முன்னைவிடப் பிளவுபட்டிருக்கிறது என்று சொன்ன அமெரிக்கர்கள் 77 விழுக்காடு, 14 நாடுகளிலும் அதிகம். டென்மார்க்கில் 72 விழுக்காட்டினர் முன்னைவிட ஒன்றுபட்டிருக்கிறோம் என்றார்கள். இந்தப் பிளவு சாவில் எதிரொலித்ததா? ஃபுளோரிடா, ஒஹையோ மாநிலங்களில் பதிவுசெய்த வாக்காளர்களின் 5 லட்சத்து 38 ஆயிரம் மரணங்களை ஆராய்ந்து 2023இல் ஜாமா உள்மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, வயதையும் வாழும் வட்டாரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, பெரியவர்கள் எல்லாருக்கும் தடுப்பூசி கிடைத்த பிறகு குடியரசுக் கட்சியினரின் கூடுதல் மரண விகிதம் ஜனநாயகக் கட்சியினருடையதைவிட 43 விழுக்காடு அதிகம் என்று கண்டது. தடுப்பூசிக்கு முன் அப்படிப்பட்ட பெரிய இடைவெளி இல்லை. மருந்து வந்த பிறகு இடைவெளி திறந்தது என்பதைத் தயவுசெய்து இன்னொரு முறை வாசியுங்கள். அதே ஆண்டு லான்செட் இதழில் வெளியான மாநிலவாரி ஆய்வு இன்னும் நுட்பமானது: ஆளுநர் எந்தக் கட்சி என்பதற்கும் மரண விகிதத்துக்கும் தொடர்பு தெரியவில்லை, ஆனால் டிரம்புக்கு வாக்களித்தோர் பங்கு கூடிய மாநிலங்களில் விளைவு மோசமாக இருந்தது. நாற்காலியில் இருந்தவரைவிட, மக்கள் மனத்தில் குடியேறியிருந்த அணியுணர்வே கனத்திருக்கிறது என்று இதை நான் வாசிக்கிறேன்.

இங்கே உங்களில் ஒரு பாதியினர் நிமிர்ந்து உட்கார்வீர்கள்: "இரு தரப்பும் சமம் என்று ஏன் மழுப்புகிறாய்? தடுப்பூசியை மறுத்தது ஒரு தரப்புதானே?" சமம் என்று நான் சொல்லவில்லை. தடுப்பூசி விஷயத்தில் சமமே இல்லை. மேலே உள்ள எண் அதைத்தான் சொல்கிறது. ஆனால் மற்றத் தரப்புக்கும் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. 2020 ஜூலையில் டிரம்ப் பள்ளிகளைத் திறந்தே ஆகவேண்டும் என்று கத்தினார். அவர் கத்தினார் என்பதாலேயே பள்ளித் திறப்பு பலருக்குத் தீண்டத்தகாததாகிவிட்டது. டென்மார்க் எப்போதோ திறந்துவிட்ட தகவல் அவர்கள் காதில் ஏறவில்லை. எந்த ஊர்ப் பள்ளி திறக்கும் என்பதை அந்த ஊர்த் தொற்று வேகத்தைவிட அந்த ஊர் வாக்கு விகிதம் நன்றாக முன்கூட்டிச் சொன்னதாக ஆய்வுகள் கண்டன. 2022 தேசியத் தேர்வில் எட்டாம் வகுப்புக் கணித மதிப்பெண் 8 புள்ளி சரிந்தது, அந்தத் தேர்வின் வரலாற்றில் காணாத சரிவு. நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ தினமும் தொலைக்காட்சியில் தோன்றி டிரம்புக்கு மாற்றாக நாயகனானார், எம்மி விருதுகூட வாங்கினார். முதியோர் இல்லச் சாவுகளை மாநிலம் பாதியளவுவரை குறைத்துக் காட்டியிருக்கலாம் என்று 2021 ஜனவரியில் அறிக்கை தந்தவர் அவர் கட்சியையே சேர்ந்த அரசுத் தலைமை வழக்கறிஞர் லெடிஷியா ஜேம்ஸ். நம் ஆள் என்றால் கணக்குக் கேட்க மறந்துவிடுகிறோம்.

நம்பிக்கை, நம்பிக்கை என்கிறாயே, அது பல நூற்றாண்டுப் பண்பாட்டுச் சேமிப்பு, நெருக்கடியில் எங்கிருந்து கொண்டுவருவது என்பது இன்னொரு மறுப்பு. இதில் நியாயம் உண்டு. 177 நாடுகளை ஒப்பிட்டு 2022இல் லான்செட் வெளியிட்ட ஆய்வில், தொற்று விகிதத்தோடு தெளிவாக ஒத்துப்போனவை அரசின் மீதான நம்பிக்கையும் சக மனிதர் மீதான நம்பிக்கையும். எல்லா நாட்டிலும் டென்மார்க் அளவு சக மனித நம்பிக்கை இருந்திருந்தால், உறவு காரணகாரியமானது என்று கொண்டால், உலகில் தொற்று 40 விழுக்காடுவரை குறைந்திருக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அந்த "கொண்டால்" என்ற சொல்லை நான் விழுங்கப்போவதில்லை. தொடர்பு வேறு, காரணம் வேறு. சேமிக்கப் பல காலம் ஆகும் என்பதும் மெய். ஆனால் செலவழிக்க ஒரு வார இறுதி போதும். 2020 மே மாதம், பிரிட்டன் பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் ஊரடங்கை மீறி டர்ஹாமுக்குக் காரில் போனது வெளியானது; ஆனாலும் அவர் பதவி போகவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி அப்போது வாராவாரம் மக்கள் மனநிலையைக் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் அரசின் மீதான நம்பிக்கை சரிந்தது. தனி அரசுகள் இருந்த ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அப்படிச் சரியவில்லை.

"அப்படியானால் எதிர்க்குரலே இல்லாத சீனா எல்லாரையும்விட நன்றாகச் செய்திருக்க வேண்டுமே?" இதுதான் எனக்குப் பிடித்த மறுப்பு. இரண்டு ஆண்டு சீனா செய்தது. சாவை மிகக் குறைவாக வைத்தது. ஆனால் 2022இல் ஓமிக்ரான் வந்தபின் பழைய வழி பயன்படாது என்று உரக்கச் சொல்ல அங்கே ஆளில்லை. ஷாங்காய் வாரக்கணக்கில் பூட்டப்பட்டது. டிசம்பரில் எல்லாம் சட்டென்று கைவிடப்பட்டபோது, முதியவர்கள் பலருக்குப் போதிய தடுப்பூசி இல்லை. ஐந்தே வாரங்களில் மருத்துவமனைகளில் மட்டும் ஏறத்தாழ 60 ஆயிரம் சாவு என்று அந்த அரசே ஒப்புக்கொண்டது. ஆகவே சண்டை வேண்டும். நான் குறை சொல்வது, யார் சொன்னார் என்று பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று கேட்கும் சண்டையை.

என்ன சொன்னார் என்று முதலில் கேட்கும் மற்றவகைச் சண்டைக்கு மாதிரி தேடினால், மறுபடி ஸ்வீடனுக்கே வரவேண்டியிருக்கிறது. பெருந்தொற்று நடந்துகொண்டிருந்த 2020 கோடையிலேயே அந்த அரசு தன்னையே விசாரிக்க ஓர் ஆணையத்தை நியமித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி மாட்ஸ் மெலின் தலைமை. அந்த டிசம்பரில் வந்த முதல் அறிக்கை முதியோர் இல்லங்களைப் பற்றியது: மணிக்கூலிக்கு வரும் பணியாளர்கள், போதாத பயிற்சி, எட்டாத மருத்துவர், எல்லாம் நோய்க்கு முன்பே தெரிந்த ஓட்டைகள், பல ஆண்டுகள் மாறிமாறி ஆண்ட அரசுகள் அடைக்காமல் விட்டவை. 2022 பிப்ரவரி 25இல் வந்த இறுதி அறிக்கை, கட்டாயப்படுத்தாமல் அறிவுரையையும் மக்களின் பொறுப்புணர்வையும் நம்பிய அடிப்படைத் தேர்வு சரிதான் என்றது. அதே அறிக்கை, 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இன்னும் விரைவாக, இன்னும் கடுமையான நடவடிக்கைகளை எடுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. உங்களில் ஓர் அணி முதல் பாதியை வெட்டியெடுத்துப் பகிர்ந்தது, மற்ற அணி இரண்டாம் பாதியை. அறிக்கையின் ஆங்கிலச் சுருக்கம் யாரும் காசில்லாமல் இறக்கி வாசிக்கக்கூடியது. ஒரு மாலைப்பொழுது ஆகும். இரண்டு பாதியையும் வாசித்தபின் எனக்கு மறுப்பு எழுதுங்கள். உங்கள் பாதியைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும். மற்றப் பாதியில் எந்த வரி உங்களை உறுத்தியது என்று எழுதினால் முதலில் அதற்குப் பதில் எழுதுவேன்.

அன்புடன்,
உங்கள் இரு அணிக்கும் வெளியே நிற்கும் ஒருவன்